இடைவேளையில் வாசித்த பெயர்

தெல்மாவுக்கு லென்னைத் தெரிந்து முப்பது வருஷத்துக்கு மேல் இருக்கும். ஆனால் அவன் என்ன வேலை செய்கிறான், வீடு எந்தத் தெருவில், பெண்டாட்டி இருக்கிறாளா இல்லையா, எதுவும் தெரியாது. தெரிந்ததெல்லாம் கால்பந்து மைதானத்தின் கிழக்குப் படிக்கட்டில், கோல் கம்பத்துக்குப் பின்னால், மூன்றாவது இரும்புத் தடுப்பின் இடது கோடியில் அவன் சாய்ந்து நிற்பான் என்பதுதான். எதிரணி கோல் அடித்தால் தொப்பியைக் கழற்றி முகத்தில் கவிழ்த்துக்கொண்டு அதற்குள் திட்டுவான். பெண்கள் காதில் விழக் கூடாதாம். அவனை அடுத்து தெல்மா. தெல்மாவை அடுத்து ஆட்ரி. ஆட்ரியின் கோட்டுப் பையில் எப்போதும் புதினா மிட்டாய் இருக்கும். தெல்மாவின் பையில் ஃபிளாஸ்க் நிறையச் சூடான மாட்டிறைச்சிச் சாறு. மூடியில் ஊற்றி மூன்று பேரும் மாற்றி மாற்றிக் குடிப்பார்கள்.

ஹால்டன்ஷா ஊரில் படிக்கட்டு நட்பு அப்படித்தான். சனிக்கிழமை மதியம் சுழல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தால் தொடங்கும். நடுவர் கடைசி விசில் ஊதினால் முடியும். பிரியும்போது ஒருவர் "அடுத்த வாரம்" என்பார். மற்றவரும் "அடுத்த வாரம்" என்பார். அவ்வளவுதான். வீட்டுக் கவலையை அங்கே எடுத்துவருவது கல்யாண வீட்டில் ஒப்பாரி வைப்பது போல. தெல்மாவின் அம்மா இறந்த வாரம்கூட அவள் வந்து நின்றாள். யாரிடமும் சொல்லவில்லை. லென் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடியில் இரண்டு வாய் அதிகமாக விட்டுக் கொடுத்தான். அது போதுமாக இருந்தது.

அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். பெரிய பாத்திரங்களின் பின்னால் நின்று பரிமாறியே காலம் போனது. பிள்ளைகள் நன்றி சொன்னால் தலையை மட்டும் ஆட்டுவாள். சபையில் வாய் திறக்க வராது. கல்யாணத்தில் "சம்மதம்" என்று சொன்னதே பாதிரியார் காதில் விழவில்லை, இரண்டாவது முறை கேட்டார். ஆனால் படிக்கட்டில் நின்றால் அவளுக்கு ஒரு குரல் வரும். அடிவயிற்றிலிருந்து வரும் குரல். அவளுடைய அப்பா அவளைச் சின்ன வயதில் தடுப்பின் மேல் உட்கார வைத்துப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வார். அந்தக் குரல் அப்போது கிடைத்தது. வாரத்துக்கு ஒரு முறைதான் அதை எடுப்பாள்.

கணவன் ஆர்னால்டுக்குப் பந்து என்றாலே கொட்டாவி. அவன் ரேவன்கில் ஆலையில் இருந்தான். ஊரில் பாதிப் பேர் அங்கேதான். கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், நெய்யும் ஆலை. நெருப்புப் பிடிக்காத துணி, கொதிகலனுக்கு உறை, கப்பலுக்குப் பலகை என்று என்னென்னவோ செய்தார்கள். ஷிப்ட் விட்டு வரும் ஆண்கள் மாவு மில்லிலிருந்து வருபவர்களைப் போல இமையெல்லாம் வெளுத்து வருவார்கள். வெள்ளிக்கிழமை தோறும் ஆர்னால்டின் வேலை உடுப்பைத் தெல்மா பின்கட்டுக்கு எடுத்துப்போவாள். தோள்பட்டை இரண்டையும் பிடித்து நன்றாக உதறுவாள். உதறாமல் போட்டால் சலவை இயந்திரம் அடைத்துக்கொள்ளும். தூசி மெதுவாக, வெயிலில் மினுங்கிக்கொண்டு இறங்கும். பார்க்க அழகாகக்கூட இருக்கும். அடுத்த வீட்டுப் பிள்ளைகள் பனி பெய்கிறது என்று கீழே வந்து நிற்பார்கள்.

ஆலையை மூடிப் பல வருஷம் கழித்துத்தான் இருமல் வந்தது. ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருத்தி எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நீங்க என்ன வேலை பார்த்தீங்க?"

"பள்ளிக்கூடத்துல. சாப்பாடு போடற வேலை."

"அப்பா?"

"ரயில்வே."

"வீட்டுக்காரர்?"

தெல்மா திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆர்னால்டு தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்குப் புரிவதற்கு முன்பே அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் நெஞ்சையும் படம் எடுத்தார்கள். அவனுக்கு ஒன்றுமில்லை. ஆலைக்குள் நின்றவன் அவன். உதறியவள் இவள்.

அன்றிலிருந்து வீட்டில் துணி துவைப்பது ஆர்னால்டு. அவளை ஒரு கைக்குட்டையைக்கூடத் தொட விடவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டதில் வெள்ளையெல்லாம் சாம்பல் ஆனது. அவன் கொடியில் போடுவதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பாள். ஈரச் சட்டையைக்கூட அவன் உதறாமல்தான் போட்டான்.

வழக்குப் போடலாம் என்றார்கள். போட்டார்கள். ஆலை இப்போது இல்லை, கம்பெனி பெயர் மாறிவிட்டது, அந்தப் பெயரும் கலைக்கப்பட்டுவிட்டது, பதில் சொல்ல ஆளில்லை என்று ஒரு வக்கீல் வாயால் சொல்லியனுப்பினார்கள். ரேவன்கில் குடும்பம் மட்டும் அப்படியே இருந்தது. ஆலை இருந்த நிலத்தில் வீடு கட்டி விற்று இன்னும் செழித்திருந்தது.

அந்த வசந்தத்தில்தான் ஊர் அணியான டவுன் கடனில் மூழ்கும் நிலைக்கு வந்தது. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் இல்லை. வாசலில் வாளி ஏந்தி நன்கொடை கேட்டார்கள். அடுத்த வருஷம் ஹால்டன்ஷாவில் கால்பந்தே இருக்காது என்று பத்திரிகை எழுதியது. அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆலையை நடத்திய கிழவர் ரேவன்கில்லின் பேரன் ஜூலியன் ரேவன்கில் அணியை வாங்கப்போவதாகச் செய்தி வந்தது.

சனிக்கிழமை, அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். படிக்கட்டில் பாதிப் பேர் தேர் நிலைக்கு வந்த மாதிரி ஆனந்தத்தில் இருந்தார்கள். லென் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான்.

"எங்கப்பன் அந்த ஆலையில இருந்தான்," என்றான். இத்தனை வருஷத்தில் வீட்டு விஷயம் ஒன்றை அவன் சொன்னது அதுதான் முதல் தடவை. "கடைசியில படுக்க முடியாது அவனுக்கு. உக்காந்துட்டேதான் தூங்குவான். உக்காந்துட்டேதான் செத்தான். அவனுங்க காசுல இந்தக் கம்பிக்குப் பெயிண்ட் அடிப்பாங்க, நான் அதுல சாஞ்சு நிக்கணுமா? வர மாட்டேன். அவன் இருக்கற வரைக்கும் இந்தப் படியில கால் வைக்க மாட்டேன்."

"என் தங்கச்சி புருஷனும் அப்படித்தான் போனான்," என்றாள் ஆட்ரி. "நானும் வரல."

அப்போது தெல்மா செய்த காரியம் அவளுக்கே பின்னால் ஆச்சரியமாக இருந்தது. எதிலும் முதல் ஆளாக நிற்காதவள் கையுறையைக் கழற்றிக் கையை நீட்டினாள். லென் அதன் மேல் தன் கையை வைத்தான். ஆட்ரி மிட்டாய்த்தாளைப் பையில் போட்டுவிட்டுத் தன் கையை வைத்தாள்.

தன் நெஞ்சில் இருப்பதைத் தெல்மா சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தாள். இருமல் வந்தது. "நெஞ்சுச் சளி," என்றாள்.

அன்று யாரும் "அடுத்த வாரம்" என்று சொல்லவில்லை. மூன்று பேரும் மூன்று வாசல் வழியாகப் போனார்கள். முகவரி கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தேடிப்போய்ப் பார்க்கும் வழக்கமே இல்லாதவர்களுக்கு எப்படித் தோன்றும்?

*

ஆகஸ்டில் புதிய பருவம் தொடங்கியது. சனிக்கிழமை மதியம் தெல்மா சமையலறை மேஜையில் ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஃபிளாஸ்க்கை எடுக்கவில்லை. கோப்பையில் குடித்தாள். சுவை வேறாக இருந்தது.

அவளுக்குக் கோஷம் போடத் தெரியாது. பலகை பிடித்து வாசலில் நிற்கக் கூச்சம். போகாமல் இருப்பது ஒன்றுதான் அவளால் முடிந்தது. அதை ஒழுங்காகச் செய்தாள். மூன்றாவது தடுப்பில் மூன்று இடம் காலியாக இருக்கும், முன்பல் மூன்று விழுந்த வாய் போல அது மைதானம் முழுக்கத் தெரியும் என்று நம்பினாள். லென் எங்கோ ஒரு சமையலறையில் இதே ரேடியோவின் முன்னால் தொப்பிக்குள் திட்டிக்கொண்டிருப்பான். ஆட்ரி மிட்டாயைத் தனியாகச் சப்பிக்கொண்டிருப்பாள். அந்தச் சமையலறைகளுக்குச் சுவர் என்ன நிறம் என்றுகூட அவள் கற்பனை செய்து வைத்திருந்தாள். அதுவே துணையாக இருந்தது.

டவுன் ஜெயிக்கத் தொடங்கியது. ரேவன்கில் எங்கிருந்தோ நல்ல ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்தான். ரேடியோவில் கூட்டத்தின் இரைச்சல் வாரா வாரம் ஏறியது. அதில் ஒரு புதுப் பாட்டு. "ரேவன்கில் நம்ம ஆளு" என்று தொடங்கும். பழைய தேவாலய மெட்டு.

"யாரு பாடறாங்க?" என்று கேட்டான் ஆர்னால்டு.

"புதுசா வந்த ஜனம்," என்றாள் தெல்மா. "எங்க படிக்கட்டு இல்ல அது. எங்க படிக்கட்டு சத்தம் எனக்குத் தெரியும்."

தெரியும்தான். அதனால்தான் ரேடியோவைக் கொஞ்சம் குறைத்து வைத்தாள்.

*

ஜனவரியில் நெஞ்சில் கோத்திருந்த நீரை எடுக்க ஆஸ்பத்திரிக்கு வரச்சொன்னார்கள். எடுத்து முடித்ததும் ஆர்னால்டு காரை எடுத்துவரப் போனான். தெல்மா கீழ்த்தளத் தேநீர்க்கடையின் ஓரம் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு பெண் தட்டோடு வந்து நின்றாள். தட்டிலிருந்த கோப்பை சரிந்து, தேநீர் தட்டெல்லாம் வழிந்தது.

"தெல்மா?"

"ஆட்ரி."

"நீ செத்துப்போயிட்டியே," என்றாள் ஆட்ரி.

"இல்லையே."

ஆட்ரி உட்கார்ந்தாள். தெல்மாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள், பிறகு அழுதாள். "உனக்கு அஞ்சலின்னு நாங்க கை தட்டிட்டோம்டி. இடைவேளையில செத்தவங்க பட்டியல்ல உன் பேரையும் வாசிச்சாங்க. லென்தான் ஆபீசுக்குப் போய் மல்லுக்கட்டினான். முழுப் பேரு தெரியாம வாசிக்க மாட்டோம்னாங்களாம். எங்க ஆளு, முப்பது வருஷமா நின்னவ, வாசிச்சே ஆகணும்னுட்டான். 'கிழக்குப் படிக்கட்டு, மூணாவது கம்பி, தெல்மா'ன்னு வாசிச்சாங்க. எதிர்ப் படிக்கட்டு வரைக்கும் தட்டிச்சு. லென் தொப்பிய மூஞ்சியில வெச்சவன், அடுத்த பாதி முழுக்க எடுக்கல."

தெல்மா கேட்டுக்கொண்டிருந்தாள். எது சரியாக இல்லை என்பது மெதுவாகத்தான் எட்டியது.

"நீங்க ரெண்டு பேரும் அங்க இருந்தீங்களா?"

ஆட்ரி தட்டில் வழிந்த தேநீரைத் துடைத்தாள். அது நன்றாகத் துடைபட்ட பிறகும் துடைத்தாள்.

"முதல் மேட்சு போகல. சத்தியமா. ரெண்டாவதுக்கு சும்மா வாசல் வரைக்கும்தான் போனேன். எப்படி இருக்குன்னு பாக்க. அங்க லென் நிக்கறான். அவனும் வாசல் வரைக்கும்தான் வந்தானாம்." துடைத்த காகிதத்தை மடித்தாள். "நீயும் வருவேன்னுதான் நெனச்சோம். வாரா வாரம் பார்த்தோம். வரல. உனக்கு வேற அந்த இருமல். உயிரோட இருந்தா தெல்மா வராம இருப்பாளான்னான் லென். சரிதானேன்னு எனக்கும் பட்டுது."

"வரக் கூடாதுன்னுதானே பேச்சு."

"ஆமா," என்றாள் ஆட்ரி, யாரோ சொன்ன பழைய வேடிக்கையை நினைவுபடுத்திக்கொள்பவள் போல. "ஆமா, பேசினோம்ல."

பிறகு, பேச்சை நல்லதில் முடிக்க நினைத்து, "ரொம்ப மரியாதையா வாசிச்சாங்க, தெரியுமா," என்றாள். "'ரேவன்கில் குடும்பத்தின் ஆழ்ந்த அனுதாபங்களுடன்'னு. எல்லாருக்கும் அப்படித்தான் இப்போ. நீ இங்க எதுக்கு வந்தே?"

"நெஞ்சுச் சளி," என்றாள் தெல்மா.

ஆர்னால்டிடம் இதைக் காரில் சொன்னாள். அவன் வண்டியை ஓரம் கட்டினான்.

"உனக்கு வந்ததுக்கு ஒரு வரி பதில் இல்ல அவனுங்ககிட்டேருந்து. செத்ததுக்கு மட்டும் அனுதாபமா?"

"இன்னும் சாகல."

"தெரியும் கிழவி," என்றான் அவன். அப்புறம் வண்டியை எடுத்தான்.

*

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை தெல்மா ஃபிளாஸ்க்கை எடுத்து வெந்நீர் ஊற்றிக் கழுவினாள். ஆர்னால்டு வாசற்படியில் நின்று பார்த்தான்.

"அவன்கிட்டயா போறே?"

"லென்கிட்ட போறேன்."

"டிக்கெட்டை அவன்கிட்டதானே வாங்கணும்."

அவள் ஃபிளாஸ்க்கில் சாறை ஊற்றி மூடினாள். மஃப்ளரைச் சுற்றிக்கொண்டாள். ஆர்னால்டு துவைத்துத் துவைத்து, அணி நிறங்களான மஞ்சளும் நீலமும் ஒன்றில் ஒன்று இறங்கிப் பாசி நிறமாகிவிட்டிருந்தது. அவன் மைதானம் வரை காரில் கொண்டுவந்து விட்டான். உள்ளே வரவில்லை.

சுழல் கதவு புதிது, சத்தமே இல்லை. கூரையில் பெரிய எழுத்தில் ரேவன்கில் பெயர். படியேற அவளுக்கு வெகுநேரம் ஆனது. ஓரிரண்டு படிக்கு ஒரு முறை நின்று, கூட்டத்தைப் பார்ப்பவள் போல் பாவனை செய்தாள். மூன்றாவது தடுப்பு தெரிந்தது. லென் இடது கோடியில். ஆட்ரி வலப்பக்கம். நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் காலியாக இருந்தது. தடுப்பில் அந்த இடத்தில் ஒரு மஃப்ளர் கட்டப்பட்டிருந்தது. மழையில் நனைந்து காய்ந்து விறைத்திருந்தது.

லென் திரும்பினான். ஆட்ரி சொல்லியிருக்க வேண்டும், அவன் பயப்படவில்லை. தொப்பியைக் கழற்றினான்.

"செத்தவங்களுக்கு டிக்கெட்டுல சலுகை உண்டா?"

"கேட்டேன். பாதி உசுருக்குப் பாதி விலையாம்."

"செத்தும் உன் மஃப்ளர் நாறிப்போயிருக்கு. அந்த உலகத்துல சோப்பு இல்லையா?"

தெல்மா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி நெஞ்சைப் பிய்த்தது. ஆட்ரி மிட்டாய் கொடுத்தாள். மூடியில் சாறு ஊற்றினார்கள். வாங்கிக் குடித்துவிட்டு லென் சொன்னான்: "உன் இடத்துல எவனையும் நிக்க விடல, கண்ணு. புதுப் பசங்க வந்து முட்டுவாங்க. அது தெல்மா இடம், தள்ளிப் போடான்னுடுவேன்."

அதைத் தாங்குவதுதான் அவளுக்குக் கடினமாக இருந்தது. அவர்கள் மறந்திருந்தால் கோபித்துக்கொள்ளலாம்.

"கை குடுத்தோமே லென்," என்றாள்.

ஆட்டம் தொடங்கியிருந்தது. அவன் பந்தைப் பார்த்துக்கொண்டே பேசினான். "குடுத்தோம். முதல் சனிக்கிழமை வீட்ல உக்காந்திருந்தேன். எங்கப்பன நெனச்சுட்டு உக்காரலாம்னுதான். அவன் வீட்ல இல்ல தெல்மா. நாற்காலி இருக்கு, போட்டோ இருக்கு, அவன் இல்ல. அவன் என்னைக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து நிறுத்தின இடம் இதுதான். ரேவன்கில் அவன் மூச்ச எடுத்துக்கிட்டான். இந்தா இதையும் எடுத்துக்கோன்னு குடுத்துட்டு நான் சுவத்தப் பார்க்கணுமா?" மூடியைத் திருப்பிக் கொடுத்தான். "ஆமா, நீ ஏன் இத்தனை நாள் வரல? உடம்பா?"

"வர மாட்டோம்னு சொன்னோம். அதான் வரல."

லென் அப்போதுதான் பந்திலிருந்து கண்ணை எடுத்தான். "அதுக்காகவா?"

அவள் உயிரோடு வந்து நின்றது அவனை அசைக்கவில்லை. இது அசைத்தது. வாய் திறந்தபடி அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் தெல்மா எல்லாவற்றையும் படித்துவிட்டாள். ஆகஸ்டிலிருந்து வாரா வாரம் அவள் சமையலறையில் உட்கார்ந்திருந்தது இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அவள் இல்லாமையை இவர்கள் சாவு என்று எடுத்துக்கொண்டார்கள். ரேவன்கில் எதுவாகவும் எடுத்துக்கொள்ளவில்லை. பல் விழுந்த வாய் ஒன்றும் இல்லை. அவள் இடம் ஒன்றுதான் காலி, அதற்கும் மரியாதையாக மஃப்ளர் கட்டி மூடியிருந்தார்கள்.

அவள் ஏதோ சொல்ல நினைத்தாள். கல்நாரைப் பற்றி, பின்கட்டைப் பற்றி. இங்கே ஒரே ஒருமுறை ஒப்பாரி வைத்தால் என்ன என்று தோன்றியது. அதற்குள் டவுன் கோல் அடித்தது.

மெலிந்த விடலைப் பையன் ஒருவன், பெனால்டி கட்டத்துக்கு வெளியிலிருந்து, கூரை அதிரும்படி அடித்தான். தெல்மா கத்தினாள். கத்தத்தான் வாயைத் திறந்தாள். காற்று வரவில்லை. ஆனால் அடிவயிற்றில் அந்தப் பழைய சந்தோஷம், அப்பாவின் கை பின்னாலிருந்து பிடித்திருந்த காலத்துச் சந்தோஷம், குறையே இல்லாமல் முழுசாக எழும்பியது. லென்னும் ஆட்ரியும் அவளைக் கட்டிக்கொண்டார்கள். அவளும் கட்டிக்கொண்டாள். எதிர்ப்பக்கக் கண்ணாடி மாடத்தில் ஜூலியன் ரேவன்கில் எழுந்து கையசைத்தான். படிக்கட்டு முழுக்க அந்தப் பாட்டைத் தொடங்கியது. புதுசா வந்த ஜனம் இல்லை. அவள் படிக்கட்டேதான். லென் அவள் தோளில் போட்ட கையை எடுக்காமலே, கண்ணை மூடிக்கொண்டு பாடினான்.

கடைசி விசிலுக்கு முன்பே அவள் கிளம்பினாள். இறங்க நேரமாகும்.

"அடுத்த வாரம்?" என்றான் லென்.

"பார்க்கலாம்," என்றாள் தெல்மா.

அந்தப் படிக்கட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. லென் தலையாட்டினான். ரேவன்கில் இருக்கும்வரை அவள் வர மாட்டாள் என்று புரிந்துகொண்டான். அவளுக்கு மூச்சு வாங்குகிறது என்பது அவனுக்குப் புரியவில்லை.

காரில் ஆர்னால்டு கேட்டான்: "என்னாச்சு?"

"ஜெயிச்சுட்டோம்."

"யாரு, நாமளா?" என்றான் அவன். குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே கேட்டான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

*

புதன்கிழமை அவள் அவனிடம் டிக்கெட் வாங்கிவரச் சொன்னாள்.

"இனிமே போறதில்லன்னு நெனச்சேன்," என்றான் ஆர்னால்டு.

"நானும்தான் நெனச்சேன். முடியல. காசு அவனுக்குப் போகுதுன்னா போகட்டும். எனக்கு அங்க நிக்கணும், ஆர்னால்டு. எனக்கு வேற எங்கயும் அந்தச் சத்தம் வரல."

அவன் விவாதிக்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு போனான். அணியின் கடையில், ஜூலியன் ரேவன்கில்லின் சிரித்த படத்துக்குக் கீழே வரிசையில் நின்று, தன் மனைவிக்கு ஒரு டிக்கெட் வாங்கினான். அதற்கு முன் அவன் அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை தெல்மா குளியலறைக் கதவருகே விழுந்தாள். ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து, நோய் முற்றியவர்களை வைத்துப் பார்க்கும் இல்லத்துக்கு மாற்றினார்கள். படுக்க முடியவில்லை. தலையணைகளை அடுக்கி உட்கார வைத்தார்கள். சனிக்கிழமைகளில் ஆர்னால்டு ரேடியோ வைத்தான். பாட்டு வரும் இடத்தில் சத்தத்தைக் குறைக்கக் கை நீட்டினான். அவள் தலையை அசைத்தாள், வேண்டாம் என்று. அதற்குள் இருந்து லென்னின் குரலைப் பிரித்தெடுக்க முயல்பவள் போல் புருவத்தைச் சுருக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கிடைத்ததா என்று அவள் சொல்லவில்லை.

மார்ச் முடிவதற்குள் இறந்துபோனாள், தூக்கத்தில், உட்கார்ந்தபடியே.

அடக்கத்துக்குப் பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து சிலர் வந்தார்கள். பத்திரிகையில் "தெல்மா ப்ரியர்லி" என்று இரண்டு வரி வந்தது. லென் அதைப் படித்திருக்கலாம். ப்ரியர்லி என்ற பெயர் அவனுக்கு எதையும் சொல்லியிருக்காது. ஆர்னால்டு ஒருநாள் மைதான ஆபீஸ் வாசல் வரை போனான், பெயரை வாசிக்கச் சொல்லலாம் என்று. கண்ணாடிக் கதவில் கை வைத்தபோது பெயரோடு சேர்ந்து வரப்போகும் அந்த அனுதாப வாக்கியம் நினைவு வந்தது. திரும்பிவிட்டான். படிக்கட்டில் தேடி யாரிடமாவது சொல்லலாம்தான். அவர்கள் முகம் அவனுக்குத் தெரியாது. தொப்பி வைத்த ஒருவன், மிட்டாய் வைத்திருக்கும் ஒருத்தி. அங்கே எல்லோரும் தொப்பி வைத்திருக்கிறார்கள்.

ஏப்ரலில் டவுன் மேல் பிரிவுக்குப் போவது உறுதியான அன்று, கிழக்குப் படிக்கட்டில் நிற்க இடமில்லை. புதிதாய் வந்த ஒருவன் மூன்றாவது தடுப்பின் நடுவில் நுழையப் பார்த்தான். லென் தடுத்தான்.

"அது ஒருத்தியோட இடம்."

"வரலையே அவங்க."

"வர மாட்டா. அதான் விஷயம். ரேவன்கில் இருக்கற வரைக்கும் கால் வைக்க மாட்டேன்னு கை குடுத்தா. நாங்களும்தான் குடுத்தோம். நாங்க நாய்ங்க, ஓடி வந்துட்டோம். நடுவுல ஒரு நாள் வந்தா, அதுவும் எங்க மூஞ்சியப் பாத்துட்டுப் போகத்தான். பாட்டு ஆரம்பிச்சதும் கிளம்பிப் போயிட்டா." லென்னின் குரலில் பெருமை இருந்தது. "இந்த ஊர்ல ஒருத்தியாவது சொன்ன சொல்லுல நிக்கறா. இப்போ எங்கயோ வீட்ல உக்காந்து ரேடியோவை முறைச்சுட்டு இருப்பா."

"அவ பிடிவாதக்காரி," என்றாள் ஆட்ரி, மிட்டாயைப் பிரித்தபடி. "நமக்கும் சேர்த்து இருக்கட்டும்."

ரேவன்கில் மைதானத்தின் நடுவில் வந்து நின்று இரண்டு கையையும் தூக்கினான். பாட்டு எழும்பியது. லென் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டான்.